முடிதிருத்தற் கலையும் கல்லூரி மாணவரும்

கல்லூரியின் விழா மலரிலே முடிதிருத்தும் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரையா என இத்தலைப்பைக் கண்டதும் அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வைத்தியம், பொறியியல், சட்டம், கணக்கியல் முதலிய துறைகளிற் புகழ் நாட்டிய பழைய மாணவரைப் பற்றி எழுதுவதே இத்தகைய மலர்களின் மரபு. அம்மரபைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், அம்முகச்சுளிப்பிற்குக் காரணம் யாது என்பதைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். தச்சு வேலையையோ மின்னிணைப்பு வேலையையோ மாணவர்க்குப் பயிற்றலாம் என்று ஒருவர் கூறின் அவையிலே எவரும் மறுத்துரையார். முடிதிருத்தலைப் பயிற்றலாம் எனின் மட்டும் தயக்கம் எழுகின்றது. அத்தயக்கத்திற்குக் காரணம் அத்தொழிலின் தன்மையன்று. அதனைச் செய்தாரை நமது சமுதாயம் நடத்திய முறையே காரணமாகும். இதனை விளக்குவதோடு, அத்தொழிலிற் கற்றற்குரியன யாவை, நம் நாட்டில் அதனை எவ்வாறு கற்கலாம், கல்லூரியும் பழைய மாணவரும் அதற்கு யாது செய்யலாம் என்பனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தொழிலின் பழைமை

முடிதிருத்துநர் எக்காலத்தும் எந்நாட்டிலும் தாழ்வாக மதிக்கப்பட்டாரல்லர். இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னன் ஆட்சியில், 1540ஆம் ஆண்டில், முடிதிருத்துநரும் சத்திரவைத்தியரும் பாராளுமன்றச் சட்டமொன்றினால் ஒரே சங்கத்தாராக இணைக்கப்பட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்விணைப்பு நிலைத்தது. 1745ஆம் ஆண்டிலேதான் சத்திரவைத்தியர் தனிச் சங்கமாகப் பிரிந்தனர். அவர்தம் சங்கமே 1800ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றுச் சத்திரவைத்தியர் கல்லூரியாக உயர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சிய மன்னர் பலர்க்குச் சத்திரவைத்தியராயிருந்த அம்புறோயிஸ் பாரே என்பாரும் முடிதிருத்தும் சத்திரவைத்தியரிடத்தே தொழில் பயின்றவரே.

இவ்வுறவு மேனாட்டிற்கு மாத்திரம் உரியதன்று. தமிழகத்திலே முடிதிருத்தும் சமூகத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்குகின்றது. அச்சமூகப் பெண்மணிகள் ஊரிலே மகப்பேறு பார்த்து மருத்துவச்சி எனப் பெயர் பெற்றனர். கூரிய கருவியைக் கையாளும் திறனும், உடலைத் தொட்டு அறியும் அனுபவமும், நம்பிக்கைக்குரிய நடத்தையும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைந்தமையால் இருதொழிலும் ஒருவர் கைப்பட்டன போலும்.

பௌத்த நூல்கள் கூறும் உபாலி தேரரின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் சாக்கிய அரசிளங்குமரரின் முடிதிருத்துநராயிருந்தவர். அக்குமரர் துறவு பூணச் சென்றபோது, தமது குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு புத்தபிரானை வேண்டினர். முன்னர்த் துறவு பெற்றாரைப் பின்னர்த் துறவு பெற்றார் வணங்குதல் விதி. ஆகவே, தம் முடியைத் திருத்தியவரை அரசகுமரர் தலை தாழ்த்தி வணங்கினர். பின்னாளில் இராசகிருகத்திலே நிகழ்ந்த முதற் சங்கத்தில் விநய விதிகளை எடுத்துரைத்தவரும் அவ்வுபாலி தேரரே.

தொழிலுக்கு விலங்கு பூட்டியது எது?

இத்தகைய தொழில் நம்மிடையே எவ்வாறு தாழ்வெய்தியது? யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிலே முடிதிருத்துநர் குறித்த சில குடும்பங்களுக்கு உரியவராகக் கருதப்பட்டார். முடிதிருத்துதலோடு திருமணம், மரணம் முதலிய சடங்குகளிலும் அவர்க்குரிய கடமைகள் இருந்தன. கூலி பெரும்பாலும் நெல்லாகவும் பிற பொருளாகவும் அளக்கப்பட்டது. அம்முறையினால் அவர்க்கு ஒருவகைப் பிழைப்புறுதி இருந்தது உண்மையே. ஆனால், தம் உழைப்பிற்கு விலை கூறும் உரிமையும், விரும்பியபோது தொழிலை விட்டு நீங்கும் உரிமையும் அவர்க்கு இருக்கவில்லை. யார்க்கு முடிதிருத்தலாம், யார்க்குத் திருத்தலாகாது என்பதையும் பிறரே வகுத்தனர். பட்டினங்களிலே சலூன்கள் தோன்றிய பின்னரும் அவ்விலக்கு நீங்கவில்லை. தாழ்த்தப்பட்டார்க்குத் தேநீர்க்கடை ஆசனம் மறுக்கப்பட்டது போலவே சலூன் நாற்காலியும் மறுக்கப்பட்டது.

இவ்விடத்தில் மகாத்மா காந்தி தமது சத்திய சோதனையிற் கூறும் நிகழ்ச்சியொன்று நினைவிற்கு வருகின்றது. தென்னாபிரிக்காவிலே பிரிட்டோரியா நகரில் ஆங்கில முடிதிருத்துநர் ஒருவரிடம் அடிகள் சென்றார். அவர் அடிகளின் நிறத்தைக் கண்டு இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். அடிகள் முடிவெட்டும் கருவியொன்றை விலைக்கு வாங்கிக் கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் கெட்டது. நீதிமன்றத்திலே நண்பர்கள் அதனைக் கண்டு, எலி கடித்ததோ என வினவி நகைத்தனர். இவ்வளவு நேர்ந்தும் அடிகள் அம்முடிதிருத்துநரைக் குறை கூறினாரல்லர். கறுப்பர்க்கு முடிதிருத்தின் தம் வாடிக்கையாளரை இழக்க நேரும் என அவர் அஞ்சினார் என்றும், நம் நாட்டிலும் தீண்டாதார் எனப்பட்டார்க்குத் தொண்டு செய்ய நம் முடிதிருத்துநரை நாம் விடுகின்றோமில்லை என்றும், அதன் பயனையே தாம் அங்கு நுகர்ந்ததாகவும் எழுதினார்.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. முடிதிருத்துநர் ஒருவர் பிறரை விலக்கும்போது அவர் கையைப் பிடித்திருப்பது வாடிக்கையாளரின் தப்பெண்ணமே என்பது ஒன்று. இலண்டனிலே சட்டம் பயின்ற பாரிஸ்டருக்கும் பயிற்சியின்றிக் கைவராத கலை இது என்பது மற்றொன்று.

அடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்பதில் முன்னின்றோர், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924ஆம் ஆண்டில் அமைத்த மாணவர் காங்கிரஸினர் ஆவர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கம் சாதி வேற்றுமையை எதிர்த்து நின்றது. 1930ஆம் ஆண்டளவில் அரச உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டிலே எதிர்ப்பு மூண்டது; பாடசாலைகள் சில தீக்கிரையாயின. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டளவில் நின்றமையால் 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதன்பின் தேநீர்க்கடைகளும் ஆலயங்களும் போராட்டக் களங்களாயின.

இவ்வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. சட்டமும் போராட்டமும் சலூனிலே யார் அமரலாம் என்னும் வினாவிற்கு விடை கண்டன. கத்தரியை யார் எடுக்கலாம் என்னும் வினாவோ இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஒரு தொழிலை எவரும் விரும்பிக் கற்கலாம், எவரும் விரும்பி விடலாம் என்னும் நிலையைத் தோற்றுவித்தல் கல்விக்கே உரிய பணியாகும்.

கற்றற்குரியன யாவை?

முடிதிருத்தலிற் கற்பதற்கு யாது உளது என வினவுவாரும் உளர். கல்லூரி ஆய்வுகூடத்திலே உயிரியலும் இரசாயனமும் பயின்ற மாணவன் அவ்வறிவு முழுவதற்கும் அத்தொழிலிலே பயன் காண்பான்.

மனிதர் தலையிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்ந்து, அவ்விடத்தே புதியது முளைக்கின்றது. ஆகவே, நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்தல் இயல்பேயாம். இதனை அறிந்த தொழிலாளர், இயல்பான உதிர்வைக் கண்டு அஞ்சுவார்க்கு அமைதி கூறுவார்; வட்டமாக முடி கொட்டினாலோ தோல் செதிலாக உரிந்தாலோ வைத்தியரிடம் அனுப்புவார். அறியாதவரோ இரு சாரார்க்கும் ஒரே தைலத்தை விற்பர்.

மயிரின் உட்பொருள் கெரற்றின் என்னும் புரதம். அப்புரத இழைகளை ஐதரசன் பிணைப்புகளும் கந்தகப் பிணைப்புகளும் சேர்த்து நிறுத்துகின்றன. நீர் பட்டதும் ஐதரசன் பிணைப்புகள் தளர்கின்றன, மயிர் நீள்கின்றது. உலர்ந்ததும் அவை மீண்டும் இறுகுகின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே அஸ்ற்பரி என்னும் பௌதிகவியலார் 1930ஆம் ஆண்டுகளில் கம்பளியையும் மயிரையும் ஊடுகதிரினால் ஆராய்ந்து, இழுக்கும்போது அப்புரதத்தின் அமைப்பு மாறுவதைக் கண்டறிந்தார். ஈரமான சுருள்முடியை விரும்பிய அளவிற்கே வெட்டினால் உலர்ந்தபின் அது மிகக் குறுகிவிடும் என்பதை அனுபவமுள்ள முடிதிருத்துநர் நன்கறிவர். அதற்குக் காரணம் கூறுவது இவ்வாராய்ச்சி.

கந்தகப் பிணைப்பு நீரினாற் பிரியாது. நிலைத்த சுருள் அமைக்க விரும்புவோர் காரத்தன்மையுள்ள தயோகிளைக்கொலேற்றுக் கரைசலால் அதனைப் பிரித்து, மயிரைக் குழலிற் சுற்றி, ஐதரசன் பேரொட்சைட்டினால் மீண்டும் இணைக்கின்றனர். கரைசல் குறித்த நேரத்திற்கு மேல் நிற்குமாயின் மயிர் நொய்ந்து முறியும். சாயமிடுதலிலும் இத்தகைய அபாயம் உண்டு. கருஞ்சாயங்கள் பலவற்றிலுள்ள பரா பினைலின் டயமீன் என்னும் பொருள் சிலர்க்குக் கடும் ஒவ்வாமையை விளைக்கும். முகம் வீங்குதலும் உண்டு. ஆதலின், சாயத்தைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது பூசி நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். பரிசிலே இரசாயனம் கற்ற இயூஜின் ஷூலர் என்பவர் 1907ஆம் ஆண்டில் முடிச்சாயமொன்றை ஆக்கி, 1909ஆம் ஆண்டிலே தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் லோரியல் என உலகறிந்தது. கற்றவர் ஒருவர் இத்துறையிற் புகுந்ததன் விளைவை அதனால் அறியலாம்.

கேத்திரகணிதத்திற்கும் இங்கு இடமுண்டு. முடிக்கற்றையைத் தலையிலிருந்து எத்தனை பாகைக் கோணத்திற் பிடித்து வெட்டுகின்றோமோ அதற்கேற்பவே படியும் அடர்த்தியும் அமையும். இலண்டனிலே விடால் சசூன் என்பவர் 1963ஆம் ஆண்டளவில் இக்கோண அமைப்பையே அடிப்படையாகக் கொண்டு மேனாட்டுப் பெண்களின் சிகையலங்காரத்தை மாற்றியமைத்தார்.

எல்லாவற்றினும் முதன்மையானது சுகாதாரம். ஈரல் அழற்சியை விளைக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பீ வைரசு உலர்ந்த குருதியிலும் ஏழு நாளேனும் உயிர்ப்போடிருக்க வல்லது. ஆகவே, சவரத் தகட்டை ஒருவர்க்குப் பயன்படுத்தியபின் மற்றொருவர்க்குப் பயன்படுத்தலாகாது. ஒரே படிகாரக் கல்லைப் பலர் முகத்திலே தேய்க்கும் பழைய வழக்கமும் விடற்பாலது. படர்தாமரை, பேன் முதலியன சீப்பாலும் துவாயாலும் பரவும். எவற்றைச் சவர்க்கார நீரிற் கழுவினாற் போதும், எவற்றை எழுபது வீத மதுசாரத்திலிடவேண்டும், எவற்றை 121 பாகை சதமவளவில் நீராவியழுத்தக் கலனிலே வைக்கவேண்டும் என்பதைத் தொழிலாளர் ஐயமறக் கற்றல் வேண்டும். தம் கைகளைக் காக்கக் கையுறை அணிதலும், நாள் முழுதும் நிற்பதாற் காலுக்கும் முதுகுக்கும் வரும் நோயைத் தவிர்த்தலும் பயிற்சியின் பகுதியே. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது சலூன்கள் மூடப்பட்ட காலத்திலே, இத்தொழில் இன்றியமையாததென்பதையும், அதிற் சுகாதாரம் எத்துணை வேண்டற்பாலதென்பதையும் ஒவ்வொரு வீடும் உணர்ந்தது.

பயிற்சியும் தகைமையும்

நம் நாட்டில் இத்தொழிற்குரிய ஒழுங்கான பயிற்சி வழி உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. 1995ஆம் ஆண்டிலே தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிகள் கொண்ட அமைப்பு உருவாயிற்று. முதற்படி தொழிலறிமுகம். இரண்டு, மூன்று, நான்காம் படிகள் தொழிலாளரின் திறன் வளர்ச்சியைக் குறிப்பன. நான்காம் படியினர் பிறர் மேற்பார்வையின்றித் தாமே வேலையை முற்றாகச் செய்ய வல்லவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா நிலை. ஏழாவது பட்டத்திற்கு நிகரானது. சிகையலங்காரத்திற்கும் இவ்வமைப்பிலே தகுதி நியமங்கள் வகுக்கப்பட்டுள்ளன. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகமும் தோன்றியமையால், தொழிற்கல்வி வழியிற் செல்வார்க்கும் பட்டம் வரை பாதை அமைந்தது.

இவ்வமைப்பிலே முன்கற்றலை ஏற்றல் என்னும் ஒழுங்கு மிகவும் போற்றற்குரியது. தந்தையிடமோ சலூன் உரிமையாளரிடமோ தொழில் பழகிச் சான்றிதழ் யாதுமின்றி இருபது ஆண்டு உழைத்தவரும், மீண்டும் வகுப்பிற் சேராது தம் திறனை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தகைமை பெறலாம். கையிலே கலை இருந்தும் கடதாசி இல்லாமையாற் பின்தள்ளப்பட்டார்க்கு இது பெருந்துணை.

ஜெர்மன் நாட்டிலே முடிதிருத்தற் பயிற்சி மூன்று ஆண்டுகள் நடைபெறுகின்றது. பயிலுநர் சலூனிலே வேலை பழகிக்கொண்டே தொழிற் பாடசாலையிலும் கற்பர்; இறுதியிற் பரீட்சை உண்டு. சொந்தமாகச் சலூன் நடத்துவதற்குப் பொதுவாக ஆசான் நிலைப் பரீட்சையிலும் தேறிய ஒருவர் வேண்டும். அந்நாட்டார் இத்தொழிலை ஏனைய கைவினைகளுக்கு நிகராக மதித்தமையின் விளைவே இது.

இது குலக்கல்வியா?

இனி, நியாயமான மறுப்பொன்றை ஆராய்தல் வேண்டும். கல்லூரியிலே முடிதிருத்தலைப் பயிற்றுதல் பழைய குலத்தொழிலை மீண்டும் பிள்ளைகள் தலையிற் சுமத்துவதாகாதா? இவ்வையம் வீணானதன்று. 1953ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் பாடசாலை நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்திற் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு விதித்தது. பெரியார் உள்ளிட்டோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனக் கண்டித்தனர். 1954ஆம் ஆண்டிலே காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. கண்டித்தோர் கூறியது சரியே. பிறப்பை நோக்கித் தொழிலை வகுக்கும் கல்வி, கல்வியாகாது.

நாம் கருதுவது அதற்கு நேர்மாறானது. எக்குடும்பத்துப் பிள்ளையும் தன் விருப்பத்தாற் சேரும் பயிற்சியே நாம் வேண்டுவது. முடிதிருத்தும் சமூகத்துப் பிள்ளை வைத்தியம் கற்க விரும்பின் அதற்கே ஊக்கமளித்தல் வேண்டும். அவனை இப்பயிற்சியின் பக்கம் மெல்லத் தள்ளும் ஆசிரியர் பெரும்பிழை செய்தவராவர். ஏனைய பிள்ளைகள் இப்பயிற்சியை நாடிவரும் நாளிலேதான் தொழிலையும் பிறப்பையும் பிணைத்த கட்டு அறும்.

மற்றோர் அபாயமும் உண்டு. சலூன் குளிரூட்டப்பெற்றுச் சிகையலங்கார நிலையம் என்னும் பெயரும் ஏற்று ஊதியம் மிகுந்தபின், முதலுடையோர் அதனைக் கைப்பற்ற, இழிவைச் சுமந்த காலமெல்லாம் அக்கலையைக் காத்தவர் கூலியாளராக ஒதுங்க நேரலாம். தொழிலின் மதிப்பு உயரும்போது அம்மதிப்பிலே முதற்பங்கு அவர்க்கே உரியது. ஆதலின், பயிற்சியின் ஆசான்களாக முதலில் அழைக்கத்தக்கவர் அவரே.

செய்யத்தக்கன

தொழிற்கல்வியைப் பாடசாலையோடு இணைக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின்பின் அவை மறைந்தன. 2017ஆம் ஆண்டிலே தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உறுதிக் கல்வித் திட்டம், சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாதாரும் பாடசாலையிலேயே தொழிற்பிரிவிற் கற்க இடமளித்தது. முன்னைய முயற்சிகள் தளர்ந்தமைக்கு ஒரு காரணம், தொழிற்பாடம் மற்றவர் பிள்ளைக்கே உரியதெனப் பெற்றோர் கருதியமையாகும். ஆகவே, பழைய மாணவர் சங்கம் தன்னளவிற் செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கின்றோம்.

உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர் பெறுபேறு வரும்வரை பல மாதங்கள் வாளாவிருக்கின்றனர். எழுதுவாருட் பெரும்பகுதியினர்க்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. அம்மாதங்களிலே, பதிவு பெற்ற பயிற்சி நிலையமொன்றோடு சேர்ந்து ஓர் அறிமுகப் பயிற்சியைச் சங்கம் நடத்தலாம். இரண்டு நாற்காலிகள், கண்ணாடிகள், கருவிகள், கிருமியகற்றும் கலன் ஆகியவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உயிரியல், இரசாயன ஆசிரியர் சில வகுப்புகளை எடுக்கலாம். செய்முறையை ஊரிலே நெடுங்காலம் தொழில் செய்தோர் கற்பிக்க, அவர்க்கு ஏனைய ஆசிரியர்க்குரிய வேதனமும் மரியாதையும் அளித்தல் வேண்டும். சான்றிதழ் இல்லாத தொழிலாளர் முன்கற்றல் மதிப்பீட்டிற்குத் தோற்றச் சங்கம் கட்டணம் செலுத்தி உதவலாம். மாணவியர் கல்லூரியோடு சேர்ந்து நடத்துவதும் நன்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் துணையிழந்து குடும்பப் பாரத்தைத் தாங்கும் பெண்கள் வீட்டிலிருந்தே சிறு முதலோடு தொடங்கத்தக்க தொழில் இது.

மாணவரின் முடி ஒழுங்காக வெட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பது நம் கல்லூரிகள் யாவற்றிலும் உள்ள விதி. திங்கட்கிழமைக் காலையிலே தலைகளைச் சோதித்து, நீண்ட முடியோடு வந்தோரைச் சலூனுக்கு அனுப்பாத அதிபர் இலர். அவ்வொழுங்கைத் தலைமுறை தலைமுறையாகத் தம் கையாற் காத்துத் தந்தவர், பரிசளிப்பு விழா மேடையிலே அமர்த்தப்பட்டதை நாம் கண்டதில்லை. சைவநெறி மட்கலம் வனைந்த திருநீலகண்டரையும், ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரையும் நாயன்மாரென வைத்து வணங்குகின்றது. அந்நெறியைப் போற்றும் கல்லூரி முடிதிருத்தும் ஆசான் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து மாலையிட்டு, மாணவரை எழுந்து நின்று வணக்கம் கூறச் செய்தல் தன் மரபிற்கு இயைந்த செயலே.

அடுத்த விழா மலர் வெளிவரும்போது, அதிற் குறிக்கப்படும் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் நியாயவாதியும் இருப்பர். அவர்களோடு சிகையலங்காரத் தொழிலிலே சிறந்த ஒருவர் பெயரும், அவர் எக்குடியிற் பிறந்தார் என எவரும் வினவாத வண்ணம், அப்பட்டியலில் இடம்பெறுமாயின், நம் கல்லூரி கற்பித்த கல்வி பயன் தந்தது என நாம் மகிழலாம்.